ஐந்தரை மணி ஆட்டம்

அத்தியாயம் 11

கனடாவில் வேலை பார்க்கும் சிவபிரகாஷுக்கு மைதிலியைக் கேட்டு வந்து இருபத்திரண்டு நாட்கள் ஆகியிருந்தன. ஜாதகம் சேர்ந்துவிட்டது. கூட்டமும் வேறு வேறு; ஒரே குலக் கூட்டத்துக்குள் பெண் எடுப்பதில்லை. மைதிலியின் தாய்மாமன் சின்னண்ணன், மாப்பிள்ளையின் சொந்த ஊரான சேந்தமங்கலத்துக்கு இரண்டு முறை போய் டீக்கடை, உரக்கடை, பேருந்து நிலையம் என்று விசாரித்து வந்தார். "பையனப் பத்தி ஒரு கொறையும் காதுல விழுகல" என்று அறிக்கை கொடுத்தார்.

இன்று மாலை நான்கு மணிக்கு உப்புச் சர்க்கரை.

இரண்டு வீட்டாரும் ஒரே மளிகைக் கடைக்குப் போய் உப்பும் சர்க்கரையும் வாங்கி மாற்றிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் முடிகிற காரியம்தான். ஆனால் உப்பு கை மாறிய பிறகு பேச்சை மாற்றினால், மாற்றிய வீட்டுக்கு அடுத்த சம்பந்தம் அமைவது கஷ்டம். நாமக்கல் பக்கம் இதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை.

மைதிலி காலை ஆறு மணியிலிருந்து செல்போனைப் பார்த்துக்கொண்டு முட்டை அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அர்த்தநாரி உள்ளே வெள்ளைச் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கோழிப் பண்ணைக்காரர் அந்தச் சட்டையை வருடத்துக்கு இரண்டு முறைதான் எடுப்பார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது சிவபிரகாஷ் எழுதும் இணையப் பக்கம். அதன் பெயர், 'சும்மா சில அபிப்பிராயங்கள்'. இரண்டாவது முறை பேசியபோது அவனே அனுப்பினான். "என்னைத் தெரிஞ்சுக்கணும்னா இதப் படிங்க. வேலையப் பத்தியெல்லாம் இருக்காது. விண்வெளித் தொடரும் கனடா விளையாட்டும்தான்" என்றான்.

நூற்று நாற்பத்தாறு பதிவுகள். அவள் எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.

"'கெப்ளர் ஹார்பர்' தொடரின் மூன்றாவது சீசனில் காலப் பயணம் வந்துவிட்டது. நான் விலகிக்கொள்கிறேன். கதை தீர்ந்துபோனவர்கள்தான் கடிகாரத்தைத் திருப்புவார்கள்" என்று ஒரு பதிவு.

இன்னொன்று: "நெற்றியில் ஒரு மேடு ஒட்டினால் வேற்றுக் கிரகவாசியாம். இருநூறு ஒளியாண்டு தள்ளி இருப்பவனும் நம்மைப் போலவே கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். எந்தத் தொடரிலும் ஒருத்தனும் செருப்பைக் கழற்றிவிட்டு வரவில்லை."

பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் கனடா ஃபுட்பாலைப் பற்றி இப்படி எழுதியிருந்தான்: "கோலுக்கு உதைத்த பந்து குறி தவறினாலும், எதிரணி அதைத் தன் எல்லையிலிருந்து வெளியே கொண்டுவர முடியாவிட்டால் ஒரு புள்ளி உண்டு. தவறிய உதைக்கும் ஒரு புள்ளி கொடுக்கிற தேசம். எனக்கு அதைப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் வேண்டுமா?"

படிக்கும்போது மைதிலி பல இடங்களில் சிரித்திருக்கிறாள். எழுதியவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் இப்போது தொந்தரவு.

அவள் கோழித் தீவன ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மக்காச்சோள லாரி வந்தால் மேல் மூட்டையைப் பார்த்து ஒப்புக்கொள்ளக் கூடாது. நீளக் கம்பியை உள்ளே குத்தி ஐந்து இடத்தில் எடுக்க வேண்டும். ஈரமும் பூஞ்சையும் அடியில்தான் இருக்கும். ஐந்து வருடமாக அதைச் செய்கிறவளுக்கு, ஒரு பதிவில் ஒரு வரி உறுத்தியது.

"ஐந்தரைக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் காப்பி ஆறுவதற்குள் மூன்று கோல்."

அவன் இருப்பதாகச் சொன்ன டொரண்டோவில் ஐஸ் ஹாக்கி இரவு ஏழு மணிக்குத் தொடங்கும். அந்த ஏழு மணி, நமக்கு விடிகாலை ஐந்தரை.

சின்னண்ணன் ஒன்பது மணிக்குத் தட்டு வரிசைச் சாமான்களோடு வந்து இறங்கினார். போர்வெல் போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருப்பவர். எப்போதும் சத்தமாகப் பேசுவார்.

"மாமா, அஞ்சு நிமிசம் இப்படி வாங்க."

"என்ன அம்மிணி, இன்னைக்குப் போயி மூஞ்சிய இப்புடி வெச்சிருக்கற?"

"சிவபிரகாஷ் கனடாவுல இல்லீங்க மாமா."

சின்னண்ணன் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?" என்று கேட்கவில்லை. அடுப்படிப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று முதலில் பார்த்தார்.

"பின்ன எங்க, நெலாவுலயா இருக்கறான்?"

"சேலத்துல."

அவர் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

மைதிலி ஐந்தரை மணியைச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆடியிருப்பாங்க. இல்லைன்னா தப்பா அடிச்சிருப்பான்" என்றார் சின்னண்ணன்.

"அதும் பாத்துட்டனுங்க. இதையும் பாருங்க. மேக்குக் கனடாவுல நடக்கற ஆட்டம் நம்ம கணக்குக்குக் காலைல ஏழரைக்கு ஆரம்பிக்கும். மூணு பகுதி. ரெண்டாவது முடியறப்ப மணி ஒம்போது. நவம்பர்ல ஒரு நாள், டிசம்பர்ல ஒரு நாள், போன மாசம் ஒரு நாள், 'இரண்டாவது பகுதியோடு நிறுத்திக்கொண்டேன், மூன்றாவதைப் பார்க்க முடியவில்லை'ன்னு எழுதியிருக்காரு."

"அங்க அப்ப மணி என்ன?"

"ராத்திரி பத்தரை."

"பத்தரைக்கு மனுசன் தூங்க மாட்டானா? வேலைக்குப் போறவன்."

"மத்த நாளெல்லாம் அவிங்க நேரத்துக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எழுதறாருங்களே. இந்த மூணு நாள் மட்டும் எப்படிங்க ஒம்போது மணியானாத் தூக்கம் வருது? நம்மூர்ல மாசத்துக்கொருக்கா காலைல ஒம்போது மணிக்கு என்ன போவும்?"

போவது கரண்ட் என்று சின்னண்ணனுக்குத் தெரியும். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒவ்வொரு துணை மின் நிலையமாக நிறுத்துவார்கள். முந்தின நாள் செய்தித்தாளில் 'நாளைய மின்தடை' என்று ஊர்ப்பெயர்கள் வரும். ரிக் ஓட்டுகிறவர்களும் பண்ணைக்காரர்களும் தலைப்புச் செய்திக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள்.

"பழைய பேப்பர் எல்லாம் நெட்ல கெடைக்குது. மொதல்ல சேந்தமங்கலம் பாத்தேன். ஒரு நாளும் சேரல. அப்பறம் சேலம் பாத்தேன். மூணு தேதியும் ஒரே லிஸ்ட்ல வருது. அஸ்தம்பட்டி, கொண்டப்பநாயக்கன்பட்டி, இன்னம் நாலஞ்சு ஊரு."

"அத்தன ஊர்ல எதுன்னு கண்ட?"

அவள் இன்னொரு பதிவைக் காட்டினாள். ஒரு தொடரில் விண்கலங்கள் வரிசையாகப் போகும் காட்சியை அவன் கேலி செய்திருந்தான். "இரவில் மலைப்பாதை ஏறும் வண்டிகளின் விளக்குகளை ஒரு மாடியிலிருந்து பார்த்திருந்தால், இயக்குநர் இப்படி நேர்கோட்டில் விட்டிருக்க மாட்டார். ஒன்று மறையும், ஒன்று திரும்பும், ஒன்று நின்று மூச்சு வாங்கும்."

"ஏற்காடு மலை மாமா. அடிவாரத்து மாடி. கொண்டப்பநாயக்கன்பட்டி."

"ஆட்டத்தப் பாதியில நிறுத்துனான்னு ஒரு சம்பந்தத்த நிறுத்துவாங்களா? கேட்டா ஊரு சிரிக்கும்."

"நிறுத்தல. போய்ப் பாத்துட்டு வரலாம்கறேன். வண்டிய எடுங்க."

"இன்னைக்கா?"

"நாலு மணிக்கப்பறம் பாத்து என்ன பண்றதுங்க? நீங்க வரலீன்னா அப்பாகிட்டச் சொல்றேன்."

சின்னண்ணன் இஸ்திரிச் சத்தம் வரும் அறையை ஒரு முறை பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார். அஸ்தம்பட்டியில் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கி வருவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

சேலம் வரும்வரை பேசாமல் வண்டி ஓட்டும் சின்னண்ணனை மைதிலி இதுவரை பார்த்ததில்லை.

பத்தே முக்காலுக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். ஏற்காடு போகிற கார்கள் தண்ணீர் பாட்டில் வாங்க நின்றன. சுற்றிலும் மாடி வீடுகள். எந்த மாடி என்று மைதிலிக்குத் தெரியாது. தேடவும் நேரம் இல்லை.

அவள் சிவபிரகாஷுக்கு போன் செய்தாள்.

"என்னங்க இந்நேரத்துல?" என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "இங்க பன்னெண்டே கால். படுக்கப் போறேன். சாயந்தரம் எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்."

"நான் கொண்டப்பநாயக்கன்பட்டியில இருக்கறனுங்க. மலை ரோடு ஆரம்பிக்கறதுக்கு முன்னால இருக்கற டீக்கடை. உங்க ஊடு எந்தத் தெருவுன்னு சொன்னீங்கன்னா வாரேன்."

திரையில் விநாடிகள் மட்டும் ஓடின. நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் நினைத்தது தவறாக இருக்கக் கூடாதா என்று அந்தப் பதினொரு விநாடியும் நினைத்தாள். 'எந்தப் பட்டி?' என்று அவன் சிரித்துவிட்டால் போதும், வாழ்நாள் முழுக்க அந்தக் கேலியைத் தாங்கிக்கொள்வாள்.

"அங்கயே இருங்க. நான் வாரேன்" என்றான்.

நான்கு நிமிடத்தில் வந்தான். வீடியோவில் எப்போதும் ஸ்வெட்டர் போட்டிருப்பவன், லுங்கியும் நீலப் பனியனுமாக, தலை சீவாமல், செருப்பை இழுத்துக்கொண்டு வந்தான். திரையில் தெரிந்ததைவிட உயரம். சின்னண்ணனுக்கு ஒரு வணக்கம் வைத்தான். கடைக்காரரைப் பார்த்து, "மூணு டீ. ஒண்ணு சர்க்கரை இல்லாம" என்றான்.

சர்க்கரை இல்லாத டீ வந்ததும் அதை எடுத்துச் சின்னண்ணன் கையில் கொடுத்தான்.

மைதிலி அதைப் பார்த்தாள். மாமாவும் அவள் பார்த்ததைப் பார்த்தார்.

"எத்தன நாளா இங்க?" என்று சிவபிரகாஷைக் கேட்டாள்.

"பதினாலு மாசமுங்க. அங்க கம்பெனிய மூடிட்டாங்க. விசா முடியறதுக்குள்ள வேற வேலை கெடைக்கல. வந்துட்டேன்."

"இப்ப?"

"வேலை இருக்குது. அங்கத்த வேற ஒரு கம்பெனிக்குத்தான், இங்கிருந்து பாக்கறேன். அவிங்க நேரத்துக்கு முழிச்சிருப்பேன். திரும்பப் போறதுக்கும் எழுதிப் போட்டிருக்கேன். ஒரு மாசத்துல பதில் வந்துரும்."

"உங்க அம்மாவுக்கு?"

"தெரியாது. ஏர்போர்ட்ல இருந்து நேரா ஊருக்குத்தான் போனேன். பஸ்ஸ்டாண்டுல எறங்கினா, அம்மா ஒருத்தருகிட்ட என்னையப் பத்தித்தான் பேசிட்டு நின்னாங்க. 'எம் பையன் அங்க ஊடு வாங்கப் போறான்'னு. நான் அடுத்த பஸ்ஸப் புடிச்சு சேலம் வந்துட்டேன்."

சொல்லும்போது அவன் கண் தரையில் இருந்தது. அழுதுகொண்டு சொல்லவில்லை. மைதிலிக்கு அது உண்மையாகவும் தோன்றியது, பல முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததாகவும் தோன்றியது.

"அறுவது கிலோமீட்டர் தள்ளி அம்மா இருக்காங்க. நீங்க ஸ்வெட்டரப் போட்டுட்டு வீடியோவுல பேசறீங்க."

"ஆமாங்க."

"கர்லிங்னு, ஐஸ் மேல கல்லத் தள்ளி வெளையாடற ஆட்டத்தப் பத்தி எழுதியிருந்தீங்களே. கல்லத் தெரியாமக் கால் தொட்டுட்டா, நடுவர் பாக்காட்டியும் தொட்டவனே சொல்லிருவான்னு. அதனால ஒலகத்துலயே நல்ல வெளையாட்டு அதுதான்னு."

"அதுல எழுதினது எதும் பொய் இல்லீங்க. எங்கிருந்து பாக்கறேன்னு மட்டும்தான் எழுதல." அவன் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தான். "உங்களுக்கு அனுப்பினப்பவே தெரியும், யாராச்சும் ஒழுங்காப் படிச்சா மாட்டிக்குவேன்னு. இதுவரைக்கும் யாரும் ஒழுங்காப் படிச்சதில்ல."

இந்தப் பதிலை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குப் புரியவில்லை. மாட்டிக்கொண்ட பிறகு எவனும் சொல்லக்கூடியதுதான்.

"கல்யாணத்துக்கப்பறம் எப்பச் சொல்றதா இருந்தீங்க? ஏர்போர்ட்லயா?"

"பதில் வந்துட்டா சொல்ல வேண்டியதே வராதுன்னு நெனச்சேன்."

மைதிலி கிளாஸை வைத்தாள். "நாலு மணிக்கு உங்க ஊருக் கடையில இருப்பேன். அதுக்குள்ள உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. அவிங்க அதத் தெரிஞ்சுக்கிட்டு எங்கிட்டப் பேசுனாங்கன்னா, அப்பறம் யோசிக்கலாம். சொல்லலீன்னா உப்பு மாறாது."

"சொல்லிர்றேன்."

"எனக்காகச் சொல்ல வேண்டாம். அவிங்களுக்காகச் சொல்லுங்க."

திரும்பும்போது வண்டி அஸ்தம்பட்டியைத் தாண்டும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"எப்பப் பாத்தீங்க மாமா அவர?"

"யார?"

"உங்களுக்குச் சர்க்கரை வியாதின்னு வீடியோவுல நான் சொன்னதில்ல."

சின்னண்ணன் ஒரு லாரியை முந்திவிட்டுப் பதில் சொன்னார். "பன்னெண்டு நாள் ஆச்சு. பாஸ்போர்ட் நகல் அனுப்பச் சொல்லியிருந்தேன். அத அனுப்பாம நேர்ல வந்து கால்ல உழுந்தான். ஒரு மாசம் டைம் கேட்டான்."

"குடுத்துட்டீங்க."

"பையன் குடிக்கறதில்ல, பொழுதன்னிக்கும் வேலை பாக்கறான். எங்க உக்காந்துட்டுப் பாத்தா என்ன? உங்கொப்பனுக்குக் கனடா வேணும். பண்ணைக்காரங்க கூட்டத்துல ஒரு ஆள் விடாமச் சொல்லி வெச்சிருக்கறாரு. நான் எங்க போயிச் சொல்றது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"நீ வேண்டாம்பே."

விசாரிக்கப் போன ஆளையே விசாரிக்க வேண்டியிருக்கும் என்று அவள் காலையில் நினைக்கவில்லை. இனி மாமா கொண்டுவந்து சொல்லும் எந்தச் செய்தியையும் ஐந்து இடத்தில் குத்திப் பார்க்காமல் ஏற்க முடியாது. அப்பாவுக்கும் தெரியுமா? வீட்டுக்குள் நுழைந்ததும் அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்தாள். அவர் சட்டையில் மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, யாரிடமோ போனில், "ஆமாங்க, டொரண்டோ. குளிரு சாஸ்தியாமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது. அப்படித்தான் தோன்றியது.

மூன்றே முக்காலுக்குச் சேந்தமங்கலம் கடைவீதியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். உப்புச் சர்க்கரைக்குப் பெண் வர வேண்டியதில்லை. சிவபிரகாஷின் அம்மா சௌந்திரம்தான் ஆசைப்பட்டுக் கூப்பிட்டிருந்தார். பச்சைப் பட்டுப் புடவை, நெற்றியில் பெரிய குங்குமம். மைதிலியைக் கண்டதும் கன்னத்தைத் தொட்டு, "என்ன சாமி, வெய்யில்ல முகமே வாடிப்போச்சு" என்றார்.

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. சந்தோஷம் மட்டும் இருந்தது. அவன் இன்னும் சொல்லவில்லை.

மளிகைக் கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைத்தார். கல் உப்பு ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம் தயாராக இருந்தன. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். சின்னண்ணன் கடை ஓரமாக நின்று மைதிலியைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

நான்கு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. சௌந்திரத்தின் போன் அடித்தது.

"அவந்தான்" என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, பக்கத்து மருந்துக் கடை நிழலுக்குப் போனார். "அங்க விடிகாலை. பையன் தூங்கவே இல்ல போலிருக்குது" என்று அர்த்தநாரி பெருமையாகச் சொன்னார்.

மைதிலி சௌந்திரத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை தலை குனிந்தது. ஒரு முறை முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். அவர் பேசியது குறைவு. பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம் போயிருக்கும். போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தார்.

"போடுங்க, நேரமாச்சு" என்றார் கடைக்காரரிடம்.

மைதிலி அவர் அருகில் போனாள். "என்னங்க அத்தை சொன்னாரு?"

சௌந்திரம் சிரித்தார். "அங்க பனி கொட்டுதாமா, சாமி. கதவத் தொறக்க முடியலையாம்."

கடைக்காரர் உப்பைப் பொட்டலம் கட்டத் தொடங்கினார். மைதிலி நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் மறுபடியும் பொய் சொல்லியிருக்கிறான். அல்லது உண்மையைச் சொல்லிவிட்டான், இப்போது பொய் சொல்வது இந்த அம்மாள். பனியைப் பற்றிப் பேச நான்கு நிமிடம் ஆகாது. இரண்டில் எது என்பதை அந்தச் சிரிப்பிலிருந்து எடுக்க முடியவில்லை.

பொட்டலம் சௌந்திரத்தின் கணவர் கைக்கு வந்தது. அர்த்தநாரி தோள் துண்டை எடுத்து இரண்டு கையிலும் விரித்து நீட்டினார்.

"அப்பா, வாங்காதீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பெரியவர்களின் பேச்சு நின்றது. கடைக்காரர் சர்க்கரைக் கரண்டியைப் பையிலேயே விட்டுவிட்டார். சின்னண்ணன் கடைப் படியிலிருந்து இறங்கித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

"என்ன சாமி பேசற நீ?" என்றார் அர்த்தநாரி. துண்டு இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"கொஞ்சம் பொறுங்கப்பா. மடக்குங்க துண்ட."

ஏன் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு குரல் வரும் என்று அவள் காத்திருந்தாள். முதலில் கேட்க வேண்டியவர் சௌந்திரம்தான். அவர் கேட்கவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி மைதிலியின் முன்னால் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் மைதிலியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.